செர்பூர் போன கதை

சவுத்தாம்ப்டன்,
ஜூன் மாதக் கடைசி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. அப்பாவின் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. அவரிடம் நீ சொல்ல வேண்டிய சமாச்சாரம் ஒன்று இருக்கிறது.

போன சனிக்கிழமை பாய்மரப் படகில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரான்சுக்குப் போனேன். சிரிக்காதே. தூத்துக்குடியில் உங்கள் வள்ளத்தில் ஏறிய பத்தாவது நிமிடம் வாந்தி எடுத்தவனேதான்.

34 அடிப் படகு, அலுவலக நண்பருடையது. மூன்று பேர் போனோம். வைட் தீவின் யார்மத்திலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்கு, கடல் வற்றும் ஓட்டத்தோடு கிளம்பினோம். நீடில்ஸ் பாறைகளைத் தாண்டினால் பிரான்சின் செர்பூர் துறைமுகம் நேர் தெற்கே, ஏறக்குறைய 60 கடல் மைல். வலப்பக்கம் மேற்குக் காற்று. மணிக்கு ஐந்தரை மைல் ஓடியது.

என் கையில் சுக்கான். வழிகாட்டிக் கருவியின் திரையைப் பார்த்தால் படகு மேற்கே நழுவிக்கொண்டே இருக்கிறது! அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தை, கொஞ்சம் கிழக்கே திருப்பினேன், திட்டு விழுந்தது. கால்வாயில் நீர் சுமார் ஆறு மணி நேரம் மேற்கே ஓடும், அடுத்த ஆறு மணி நேரம் கிழக்கே. நண்பர் முந்தைய இரவே மணிக்கு மணி கணக்குப் போட்டு ஒரே திசையைக் குறித்து வைத்திருந்தார். நேர்கோட்டைப் பிடித்தே தீருவேன் என்று நீரோட்டத்தோடு மல்லுக்கட்டினால் நேரம்தான் கூடுமாம். எட்டு மைல் விலகிப் போனோம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. மதியத்துக்கு மேல் அதே கடல் எங்களைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டது.

நடுவில் கப்பல்கள். முதலில் இடப்பக்கமிருந்து அட்லாண்டிக் நோக்கிப் போகிறவை, பிறகு வலப்பக்கமிருந்து வடகடல் போகிறவை. நம் ஊர்ச் சாலையைக் கடக்கும் பழக்கத்தில் நான் வலப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். தொலைவில் தெரியும் கப்பல் நெருங்க நெருங்க அதே திசையிலேயே நின்றால் மோதும் என்று அர்த்தம். ஒரு சரக்குப் பெட்டிக் கப்பல் அப்படித்தான் நின்றது. பாய்ப்படகுக்கு அது வழிவிட வேண்டும் என்பது விதி. விதியை அதற்கு நினைவூட்ட எங்களுக்கு ஆசையில்லை. நேரத்தோடு திரும்பி, அதன் பின்னால் புகுந்தோம்.

தேநீர் போடக் கீழே இறங்கினேன். அதற்குமேல் எழுத வேண்டாம், உனக்கே தெரியும்.

கரை தெரிந்ததும் நேரே துறைமுக வாயிலுக்கு விடுவார்கள் என்று நினைத்தேன். இல்லை. நீர் இன்னும் கிழக்கே இழுத்ததால் வாயிலுக்கு மேற்கே தள்ளியே அணியத்தை வைத்திருந்தார் நண்பர். வலை விட உங்கள் அப்பா நீவாடு, அதாவது நீரோட்டம், பார்த்து, எங்கோ மேலே போய் நிற்பாரே, அதே வேலை! 1783-இல் தொடங்கி 1853-இல் முடித்த அலைத்தடுப்புச் சுவருக்குள் நுழைந்ததும் படகு திடீரென்று ஆட்டத்தை நிறுத்தியது. எனக்குத்தான் அங்கே இரவு முழுக்கக் கட்டிலும் ஆடியது.

அப்பாவிடம் ஒன்று கேட்டு எழுது. இங்கே நீரோட்டத்துக்கு அச்சிட்ட புத்தகம் இருக்கிறது. அவர் எதைப் பார்த்துக் கணித்தார்? நிலவையா, தண்ணீர் நிறத்தையா, போட்ட கயிற்றின் சாய்வையா?

உன்
பழைய வாந்திக்காரன்