அண்ணன் கடைக்கு ஒரு கடிதம்

கொலம்பஸ், ஓஹையோ, அமெரிக்கா
பிப்ரவரி 8

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம். இரண்டு நாளாகப் பனி விடாமல் கொட்டுகிறது. பள்ளிக்கூடம் லீவு விட்டதால் பாப்பா வீட்டில்தான் இருக்கிறாள்.

போன வாரம் நீ சொன்ன விஷயம் மனசை விட்டுப் போகவே இல்லை. நம் போன் கடையை ஒரே ஒரு போன் கம்பெனியின் ஷோரூமாக மாற்றித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள், போர்டு, ஏசி, கண்ணாடி எல்லாம் அவர்கள் செலவு, மாதாமாதம் நிலையான வருமானம் என்றாய். அண்ணி பக்கத்தில் இருந்ததால் அப்போது நான் வாயைத் திறக்கவில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடு.

2023 செப்டம்பரில் நான் கிளம்பும்போது அந்த நீலப் போனை நீ உன் கையாலேயே பிரித்து, டெம்பர்டு கிளாஸ் ஒட்டிக் கொடுத்தாய். இங்கே வந்த மூன்றாம் நாள் அதை எடுத்துக்கொண்டு ஒரு பெரிய சிம் கம்பெனியின் கடைக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் ஐஎம்இஐ எண்ணைக் கேட்டுத் தட்டினான். கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினான். இந்தப் போன் எங்கள் நெட்வொர்க்குக்குப் பொருந்தாது என்று ஒரு வரி. அவ்வளவுதான். புதுப் போன், ஒரு கீறல்கூட இல்லை, கேமராவும் பேட்டரியும் அருமை. இருந்தும் அதை வைத்து அவர்கள் நெட்வொர்க்கில் ஒரு அழைப்புகூடப் பேச முடியாது.

ஏன் என்று அப்புறம் தேடிப் படித்தேன். உனக்குத் தொழில் என்பதால் விவரமாகவே சொல்கிறேன். 2022-ல் இங்கே பெரிய கம்பெனிகள் வரிசையாக 3ஜியை மூடிவிட்டன. ஏடி அண்ட் டி பிப்ரவரியிலேயே மூடியது, வெரைசான் டிசம்பர் கடைசி வரை ஓட்டியது. அதற்குப் பிறகு குரல் அழைப்பு என்றால் பெரும்பாலும் வோல்ட்இதான், அதாவது 4ஜி வழியாகவே பேசும் முறை. போனில் வோல்ட்இ இருந்தால் மட்டும் போதாது, கம்பெனி அந்த மாடலைச் சோதித்துத் தன் பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும். இந்தியாவுக்கென்று செய்த மாடலை யார் இங்கே கொண்டுவந்து சோதிப்பார்கள்? நம் ஊரில் பெரும்பாலான போன்களில் சிம்மை மாற்றிப் போட்டால் பேசலாம். அதை ஒரு வசதி என்றே நான் நினைத்ததில்லை, தண்ணீர் மாதிரி எப்போதும் இருந்தது.

வேறு வழியில்லாமல் அந்தக் கடையிலேயே ஒரு போன் வாங்கினேன். 800 டாலர், மாதம் 22 டாலருக்குக் கொஞ்சம் மேல், 36 தவணை. அதில் பாதியை அவர்களே பில்லில் கழித்துக்கொள்வார்களாம், ஆனால் 36 மாதமும் அவர்களிடமே இருக்க வேண்டும். நடுவில் விலகினால் கழிவு நின்றுவிடும், மிச்சப் பணத்தை மொத்தமாகக் கட்ட வேண்டும். தவணை முடியும்வரை போன் லாக்கில் இருக்கும், வேறு கம்பெனி சிம் ஏறாது. இதற்கு மேல் பிளானுக்கு மாதம் 75 டாலர், அது போக வரி. நம் ஊரில் 299 ரூபாய்க்கு 28 நாள் ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தவன் முதல் பில்லைப் பார்த்த அன்று சரியாகத் தூங்கவில்லை. இன்னும் ஏழு தவணை பாக்கி இருக்கிறது.

இவ்வளவு பெரிய நாட்டில் பெரிய கம்பெனி மூன்றுதான் அண்ணே. வெரைசான், ஏடி அண்ட் டி, டி-மொபைல். நான்காவதாக ஸ்பிரின்ட் இருந்தது, 2020 ஏப்ரலில் டி-மொபைல் அதைச் சேர்த்துக்கொண்டது. கடைத்தெருவில் பார்த்தால் கிரிக்கெட், மெட்ரோ, விசிபிள், மின்ட் என்று எத்தனையோ போர்டுகள் இருக்கும். விசாரித்தால் கிரிக்கெட் ஏடி அண்ட் டியுடையது, விசிபிள் வெரைசானுடையது, மெட்ரோவும் மின்டும் டி-மொபைலுடையவை. வெளி ஆட்கள் நடத்தும் சின்னக் கம்பெனிகளும் இந்த மூவரின் டவரை வாடகைக்கு எடுத்தே ஓட்டுகின்றன. கீதாவின் நம்பரை அப்படி ஒரு சின்னக் கம்பெனியில்தான் போட்டிருக்கிறோம். மாதம் 25 டாலர், வீட்டில் நன்றாகவே வேலை செய்கிறது. கூட்டமான இடத்துக்குப் போனால் மட்டும் நெட் படுத்துவிடும். டவரின் சொந்தக்காரர்கள் தங்கள் வாடிக்கையாளருக்குத்தானே முதலில் வழி விடுவார்கள்.

போன் அலமாரியும் இப்படித்தான். உன் கடையில் விவோ, ஓப்போ, ரியல்மி, ரெட்மி, சாம்சங், மோட்டோரோலா எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஏழாயிரத்திலிருந்து விலை ஆரம்பிக்கும். இங்கே சிம் கம்பெனிக் கடையின் மேஜையில் ஐபோன், சாம்சங், ஓரத்தில் கூகுள் பிக்சல், மோட்டோரோலா, முடிந்தது. பாதிக்கு மேல் ஐபோன்காரர்கள். எல்ஜி ஒரு காலத்தில் இங்கே மூன்றாவது இடத்தில் இருந்தது, 2021-ல் போன் தொழிலையே விட்டுவிட்டது. சீனாவின் ஹுவாவே போனை விற்பதாக இருந்த ஏடி அண்ட் டி 2018 ஜனவரியில் கடைசி நேரத்தில் பின்வாங்கியது. பாதுகாப்புப் பயம் என்றார்கள், அந்தப் பயத்திலும் நியாயம் இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் மற்ற போன் கம்பெனிகளும் உள்ளே வராததற்கு முக்கியக் காரணம் வேறு. இங்கே ஜனங்கள் பெரும்பாலும் தவணையில், சிம் கம்பெனியின் கடையில்தான் போன் வாங்குகிறார்கள். அந்த மேஜையில் இடம் கிடைக்காத போன் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் யார் கண்ணிலும் படாது. ஐபோன் முதலில் வந்த 2007-லிருந்து 2011 தொடக்கம் வரை ஏடி அண்ட் டியிடம் மட்டும்தான் கிடைத்தது என்றால் பார்த்துக்கொள், போனைத் தேர்ந்தெடுத்தால் சிம் கம்பெனியும் கூடவே வரும்.

2022-ல் வந்த ஐபோன் 14-லிருந்து இந்த நாட்டில் விற்கும் ஐபோன்களுக்கு சிம் டிரேயே கிடையாது, எல்லாம் போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம். நீ கல்லாப் பெட்டி ஓரத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்டிருப்பாயே ஒரு சிம் ஊசி, அதற்கு இங்கே ஐபோனில் வேலை இல்லை.

நம் ஊரும் அந்தப் பக்கம்தான் போகிறது என்று எனக்குப் பயமாக இருக்கிறது. நான் காலேஜ் படித்தபோது உன் கடை ஷட்டரில் ஏர்செல், டாடா டோகோமோ, யுனிநார், வோடபோன், ஐடியா என்று எவ்வளவு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். இன்று தனியார் மூன்று பேர், அப்புறம் பிஎஸ்என்எல். 2024 ஜூலையில் அந்த மூவரும் அடுத்தடுத்த நாளில் கட்டணத்தை ஏற்றியபோது, பிஎஸ்என்எல் சிம் கேட்டு ஆட்கள் வந்ததாக நீதானே சொன்னாய். அவர்களுக்குப் போக ஒரு இடமாவது இருந்தது.

உன்னிடம் வருகிறவர்கள் அலமாரியை மட்டும் பார்த்து வருவதில்லை. மாமா மாதிரி வயதானவர் வந்தால், பெரிய எழுத்து, சத்தமான ஸ்பீக்கர் போதும் என்று ஏழாயிரத்தில் ஒன்றை எடுத்து நீட்டுவாய். காலேஜ் பையன் வந்தால் பட்ஜெட் கேட்டு மூன்று போனைக் கையில் கொடுத்து, நீயே பார் என்பாய். இருபதாயிரம் போன் வாங்க வந்தவரை, உங்களுக்கு இது வேண்டாம் என்று பன்னிரண்டாயிரத்துக்கு இறக்கியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒரே கம்பெனி போர்டு ஏறிய பிறகு அந்த வார்த்தையை உன்னால் சொல்ல முடியுமா? கடனும் வாடகையும் உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஏசியும் கண்ணாடியும்தான் பிரச்சினை என்றால் செலவில் பாதியை நான் அனுப்புகிறேன். கீதாவிடம் பேசிவிட்டேன், அவளுக்கும் சம்மதம்.

அம்மா மே மாதம் வருவதால் இன்னொரு வேலை இருக்கிறது. அவர்களுக்காக அங்கே புதுப் போன் எதுவும் வாங்கிவிடாதே. இப்போது வைத்திருக்கும் போனில் *#06# போட்டால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பு. இங்கே எந்தக் கம்பெனியில் ஓடும் என்று பார்த்துவிடுகிறேன், ஓடாவிட்டால் ஒரு சாதாரணப் போன் வாங்கித் தயாராக வைக்கிறேன். இரண்டு சிம் போன் என்பதால் இரண்டு எண் வரும், இரண்டையும் அனுப்பு.

அன்புடன்,
உன் தம்பி