மெதுவாக என்றால், ஒரு நாளைக்கு எத்தனை மில்லிகிராம்?

தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் அடுக்கு ஹைட்ராக்சைடுகளையும் களிமண்ணையும் வைத்துப் புண்ணுக்கும் எலும்புக்கும் மருந்துப் பொருள் செய்ய முயலும் இளம் ஆய்வாளர்களுக்கும், அவர்களுடைய வழிகாட்டிகளுக்கும்,

வணக்கம். நான் முப்பது வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். உங்கள் துறையில் ஆய்வு செய்தவள் இல்லை. இருந்தும் இதை எழுதக் காரணம் என் அப்பாவின் கால்.

அப்பாவுக்குச் சர்க்கரை. வலது கால் பெருவிரலுக்கு அடியில் வந்த புண் ஆறப் பதினொரு மாதம் பிடித்தது. அதற்குள் விரல் போய்விட்டது. முதல் இரண்டு மாதம் கட்டு மாற்றுவதற்காகவே தினமும் இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குப் போனோம். அப்புறம் அங்கிருந்த செவிலியர் ஒருவர் எனக்கே சொல்லிக்கொடுத்தார்: எப்படிப் பிரிப்பது, சலைனில் எப்படிக் கழுவுவது, காஸ் துணியை எவ்வளவு இறுக்கமாகச் சுற்றுவது என்று. அதற்குப் பிறகு தினமும் நான்தான் செய்தேன். ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் துணியோடு சேர்ந்து புதிதாக வளர்ந்த சதையும் கொஞ்சம் பிய்ந்து வரும். அப்பா சத்தம் போட மாட்டார், கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்வார். நாலு நாளைக்கு ஒரு தடவை பிரித்தால் போதும் என்கிற மாதிரி ஒரு கட்டு கிடைக்காதா என்று ஏங்கியிருக்கிறேன்.

அந்த ஏக்கத்தில்தான் ராத்திரிகளில் உங்கள் ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்க ஆரம்பித்தேன்.

படிக்கப் படிக்கச் சந்தோஷமாக இருந்தது. நாம் நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்தின் லேபிளில் மகால்ட்ரேட் என்று போட்டிருக்கும். அதுவே ஒரு அடுக்கு ஹைட்ராக்சைடு. இந்தக் குடும்பத்தின் மூத்த உறுப்பினரான ஹைட்ரோடால்சைட்டை நார்வேயில் கிடைத்த கனிமமாக 1842இல் பதிவு செய்தார்கள். அதையும் பின்னால் அமிலம் தணிக்கும் மாத்திரையாக விற்றார்கள். மக்னீசியம் ஹைட்ராக்சைடின் அட்டைகள் சீட்டுக்கட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். அதில் சில இடங்களில் மக்னீசியத்துக்குப் பதில் அலுமினியம் உட்கார்ந்தால் அட்டைக்கு நேர்மின்னூட்டம் வந்துவிடும். அதைச் சமன் செய்ய அட்டைகளுக்கு நடுவே கார்பனேட் போன்ற எதிரயனிகளும் தண்ணீரும் வந்து உட்காரும். மக்னீசியத்தின் இடத்தில் துத்தநாகத்தை வைத்தால் துத்தநாக அடுக்கு ஹைட்ராக்சைடு கிடைக்கும். அதைப் பொடியாகப் புண்ணில் வைத்தால், அதிலிருந்து வெளிவரும் துத்தநாகம் கிருமியைக் கொல்லும் என்பதுதான் உங்கள் எண்ணம்.

இங்கே பாடம் நடத்தியவள் என்ற முறையில் ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். நிறையக் கட்டுரைகளில் இது கலந்துபோகிறது. களிமண் வேறு மாதிரி. முல்தானி மட்டியில் இருக்கும் மான்ட்மோரிலோனைட்டின் அட்டைகளுக்கு எதிர்மின்னூட்டம், அதனால் உலோக அயனிகள் அட்டைகளுக்கு நடுவே விருந்தாளிகளாக இருக்கின்றன. புண்ணின் நீரில் உள்ள சோடியம் வந்து தட்டினால் எழுந்து போய்விடும். அடுக்கு ஹைட்ராக்சைடிலோ உலோகம்தான் சுவர். துத்தநாகம் வெளியே வர வேண்டுமானால் சுவரே கரைய வேண்டும். கொள்ளளவிலும் பெரிய வித்தியாசம் உண்டு. இந்தக் களிமண்ணின் அயனி மாற்றுத் திறன், அதாவது எவ்வளவு அயனியைப் பிடித்து வைத்து மாற்றிக்கொள்ளும் என்பது, 100 கிராமுக்கு 80 முதல் 120 மில்லி ஈக்விவலன்ட் (மின்னூட்டக் கணக்கில் அயனிகளை அளக்கும் அலகு). கணக்குப் போட்டால் 100 மில்லிகிராம் மண்ணில் துத்தநாகம் 3 மில்லிகிராம் சுமாருக்குத்தான் நிற்கும். துத்தநாகமும் அலுமினியமும் 2:1 ஆக உள்ள அடுக்கு ஹைட்ராக்சைடில் அதே 100 மில்லிகிராமில் 40 மில்லிகிராம் இருக்கிறது.

நம் இரத்த நீரில் ஒரு லிட்டருக்குத் துத்தநாகம் ஏறத்தாழ 1 மில்லிகிராம். அப்படியென்றால் அந்த 40 மில்லிகிராம் எப்போது, எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நாலு நாளில் சீராக வந்தால் ஒரு கதை, முதல் இரண்டு மணி நேரத்தில் கொட்டினால் வேறு கதை. துத்தநாகம் கூடினால் கிருமியோடு நம் செல்லும் சாகும். வராமலே கிடந்தால் புண்ணில் மாவு தூவிய மாதிரிதான்.

உங்களிடம் நான் கேட்க வந்தது இதைத்தான். "மெதுவாக விடுவிக்கிறது" என்று எழுதுகிறீர்கள். மெதுவாக என்றால், புண்ணுக்குள் ஒரு நாளைக்கு எத்தனை மில்லிகிராம்?

பல கட்டுரைகளில் பொடியை டயாலிசிஸ் பையில் (கரைந்த அயனிகளை மட்டும் வெளியே விடும் சவ்வுப் பை) கட்டி, ஃபாஸ்பேட் பஃபரில் (அமிலத்தன்மை மாறாமல் வைத்திருக்கும் உப்புக் கரைசல்) 24 மணி நேரமோ 48 மணி நேரமோ போட்டு, மேலே இருக்கும் கரைசலை ஐ.சி.பி.யில் (கரைசலில் எவ்வளவு உலோகம் என்று காட்டும் கருவி) கொடுத்து அளந்திருக்கிறார்கள். துத்தநாகத்துக்கு ஃபாஸ்பேட் என்றால் என்ன ஆகும் என்று உப்புப் பகுப்பாய்வு செய்த பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். துத்தநாக ஃபாஸ்பேட்டாக வீழ்படிந்து பைக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். மேலே கரைசலில் குறைவாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து, பொருள் மெதுவாக விடுவிக்கிறது என்று எழுதிவிடுகிறோம். பொருள் வேகமாக உடைந்து வேறொன்றாக மாறியிருக்கலாம். சோதனை முடிந்தபின் பைக்குள் மிச்சமிருந்த பொடியை எடுத்து ஒரு எக்ஸ்.ஆர்.டி. (எது எந்தப் படிகம் என்று காட்டும் எக்ஸ் கதிர்ச் சோதனை) பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் படித்த பலவற்றில் அந்தப் படம் இல்லை.

அடுத்தது அமிலத்தன்மை. பி.எச். (7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 5இல் நிறைய வருகிறது, 7.4இல் குறைவாக வருகிறது, ஆகவே புண்ணுக்கு ஏற்ற புத்திசாலிப் பொருள் என்று முடிக்கிறார்கள். ஆறாத பழைய புண் அமிலமாக இருப்பதில்லை. நல்ல தோல்தான் 4 முதல் 6 வரை. நாள்பட்ட புண்ணில் பி.எச். பெரும்பாலும் 7.2க்கு மேலே, 8.9 வரைகூடப் போகும். அப்பாவின் காலில் இந்தப் பொடியை வைத்திருந்தால் அது கரையாமல் கிடந்திருக்குமோ என்னவோ. அதற்கு எதிராக, புண்ணின் நீரில் இருக்கும் ஆல்புமின் என்ற புரதம் துத்தநாகத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், கரைவதை அது கூட்டவும் செய்யலாம். ஃபாஸ்பேட் ஒரு பக்கம், புரதம் ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்த நீரில் போட்டுப் பார்க்காமல் எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்று எப்படிச் சொல்ல முடியும்?

எலும்பு விஷயம் வேறு. எலும்பைக் கரைக்கும் செல்கள் தமக்கு அடியில் பி.எச். 4.5 அளவுக்கு அமிலம் சுரக்கின்றன. அமிலத்தில் கரையும் அடுக்குகளுக்கு அது சரியான இடம். எலும்பு மெலிவு நோய்க்கு ஸ்ட்ரான்சியத்தை வாய்வழியாகக் கொடுத்த ஸ்ட்ரான்சியம் ரனலேட் என்ற மருந்துக்கு ஐரோப்பாவில் 2004இல் அனுமதி கிடைத்தது. இதயத்துக்கு ஆபத்து என்று 2014இல் கட்டுப்பாடு போட்டார்கள், 2017இல் அதைத் தயாரித்த நிறுவனமே விற்பனையை நிறுத்தியது. அதே அயனியை உடம்பு முழுக்க அனுப்பாமல், முறிந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க முடிந்தால் எவ்வளவு நல்ல வேலை! அதை நீங்கள் விட்டுவிடக் கூடாது.

அளவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு லித்தியத்தை நினைத்துப் பாருங்கள். 1949இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் அதை மனநோய்க்கு மருந்தாக அறிவித்தார். அதே வருடம் அமெரிக்காவில் சாப்பாட்டு உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடைப் போட்டுக்கொண்ட இதய நோயாளிகள் சிலர் இறந்துபோனார்கள். இன்றைக்கும் லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கு இரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். 1.5ஐத் தாண்டினால் நஞ்சு.

அலுமினியத்தையும் மறக்காதீர்கள். சுவர் கரையும்போது துத்தநாகத்தோடு அதுவும் வரும். சர்க்கரை நோயாளிகளில் நிறையப் பேருக்குச் சிறுநீரகமும் கெட்டிருக்கும். 1970களில் டயாலிசிஸ் நீரில் இருந்த அலுமினியத்தால் மூளை பாதிக்கப்பட்டவர்கள் இருந்தார்கள். புண்ணில் வைக்கும் சிறிய அளவு அந்த மட்டத்துக்குப் போகாது என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் அந்த எண் அட்டவணையில் இருக்க வேண்டும். அலுமினியத்தின் இடத்தில் இரும்பை வைக்கவும் வழி இருக்கிறது. மக்னீசியமும் இரும்பும் சேர்ந்த ஃபெர்மகேட் என்ற அடுக்கு ஹைட்ராக்சைடைச் சிறுநீரக நோயாளிகளிடமே சோதித்திருக்கிறார்கள்.

வழிகாட்டிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மாணவர் கோர்ஸ்மேயர்-பெப்பாஸ் சமன்பாட்டில் வளைகோட்டைப் பொருத்தி, ஆர் ஸ்கொயர் (பொருத்தம் எவ்வளவு நெருக்கம் என்று சொல்லும் எண், 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.99 என்று கொண்டுவந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். பாலிமரிலிருந்து மருந்து வெளியேறுவதற்கு வந்த சமன்பாடு அது, அதுவும் முதல் 60 சதவீதத்துக்கு மட்டும். சுவர் கரைவதை அது விளக்காது. அதற்குப் பதில் அந்தப் பிள்ளைக்கு இன்னும் மூன்று மாதம் கொடுங்கள். பி.எச். 8 பக்கம், ஆல்புமினும் ஃபாஸ்பேட்டும் உள்ள நீரில், தினமும் நீரை மாற்றி, பொடி தீர்கிற வரைக்கும் அளக்கட்டும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு என்று எழுதட்டும். நினைத்தபடி வராவிட்டால் அதையும் ஆய்வேட்டில் போடட்டும். அடுத்து வருகிற பிள்ளைக்கு இரண்டு வருடம் மிச்சமாகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு 2023இல் சொன்ன கணக்குப்படி இந்த நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி பேர். கால் புண்ணோடு காத்திருப்பவர்களுக்கு அந்த இரண்டு வருடம் பெரிது.

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. வீட்டிலேயே கட்டுப் போட்ட ஒன்பது மாதமும் ஒவ்வொரு நாளும் பிரித்த நேரம், காஸ் எத்தனை மடிப்பு நனைந்திருந்தது, நீரின் நிறம், நாற்றம், சாதாரண பி.எச். தாளில் என்ன நிறம் காட்டியது என்று எழுதி வைத்திருக்கிறேன். தாள்தான், துல்லியமான கருவி இல்லை. ஆனாலும் நிஜமான ஒரு புண் ஒரு நாளில் எவ்வளவு நீர் விடும், அது வாரத்துக்கு வாரம் எப்படி மாறும் என்பது அதில் இருக்கிறது. உங்கள் சோதனைக் குடுவையில் எவ்வளவு நீர் ஊற்ற வேண்டும், எத்தனை மணிக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்று தீர்மானிக்க அது உதவும். அப்பாவிடம் கேட்டேன், கொடு என்றார். எந்தத் துறை கேட்டாலும் நானே கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியை ஒருத்தி,
காரைக்குடி