சுத்திகரிப்பு நிலையத்தோடு முடிவதில்லை

ஆசிரியருக்கு,

குடிநீரில் ஈயத்தைக் கட்டுப்படுத்த குடிநீர் வாரியம் திணறுவது பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். சுத்திகரிப்பு நிலையத்தில் எடுத்த மாதிரி சரியாக இருக்கிறது என்கிறார்கள். இருக்கத்தான் செய்யும், ஈயம் பெரும்பாலும் அங்கே கலப்பதில்லை. தெருக் குழாயிலிருந்து வீட்டுக்கு வரும் இணைப்பு, பழைய பற்றவைப்பு, பித்தளைக் குழாய் இவற்றில்தான் கலக்கிறது. 2014-இல் அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் நீராதாரத்தை மாற்றியவர்கள் குழாயைத் தண்ணீர் அரிக்காமல் தடுக்கும் மருந்தைச் சேர்க்காமல் விட்டார்கள். பழைய குழாய்களின் ஈயம் வீடுகளுக்குள் வந்தது.

எங்கள் பழைய வீட்டில் மீட்டருக்குப் பக்கத்துக் குழாயைச் சாவியால் சுரண்டிப் பார்த்தேன். மங்கல் சாம்பல் நிறம் போய் வெள்ளிபோல் மின்னியது. ஈயம்! காய்ச்சிக் குடித்தால் போதும் என்று அதுவரை இருந்தோம். காய்ச்சினால் ஈயம் போகாது. வாரியம் தன் பங்குக் குழாயை மட்டும் மாற்றிவிட்டு மீதியை வீட்டுக்காரர் தலையில் கட்டுவது அரைவேலை. வெட்டும்போது உதிரும் துகள்களால் சில காலம் ஈயம் கூடவும் செய்யும். இணைப்பு முழுவதையும் ஒரே தடவையில் மாற்றட்டும். அதுவரை, இரவெல்லாம் தேங்கி நின்று காலையில் முதலில் வரும் தண்ணீரை வீடுகளிலேயே சோதித்து, முடிவைத் தண்ணீர் பில்லில் அச்சிட்டுத் தரலாம்.