சின்னப்பாலத்து அக்காமார்களுக்கும் அய்யாக்களுக்கும் ஒரு நன்றி மடல்

சின்னப்பாலம் மக்களுக்கும், பாம்பன், வேதாளையிலிருந்து வந்து கைகொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

படகின் பழைய பாய்த்துணியில் நம் கடலின் அடியை வரைந்து முடித்துவிட்டோம். ஓர் ஓரம் மட்டும் பாக்கி. அதைப் பிறகு சொல்கிறோம்.

வரும்போது கையில் ஒரு வரைபடம் கொண்டுவந்தோம். 1986-இல் அறிவித்த மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா, 560 சதுர கிலோமீட்டர், 21 தீவுகள் என்றெல்லாம் அதில் இருந்தது. தண்ணீருக்குள் மட்டும் ஒரு பெயரும் இல்லை. வெறும் நீலம். உங்களுக்கோ அங்கே ஒவ்வொரு பாருக்கும், அதாவது கடலடிப் பாறைத்திட்டுக்கும், ஒரு பெயர் இருக்கிறது.

கடற்பாசி எடுக்கும் அக்காமார்களே, முதல் நன்றி உங்களுக்கு. மாதத்தில் 12 நாள்தான் பாசிக்குப் போவது என்று நீங்களாகவே வைத்துக்கொண்ட கணக்கு எங்களுக்குத் தெரியும். தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்கான சீகாலஜி விருதை 2015-இல் வாங்கிய லட்சுமி மூர்த்தியின் ஊரல்லவா இது. கடலுக்குப் போகாத மற்ற நாள்களில் வீட்டு வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு எங்களோடு துணியைச் சுற்றி உட்கார்ந்தீர்கள். "இதென்னப்பா, மரிக்கொழுந்துப் பாசிய மணல்ல போட்டு வச்சிருக்கீய? அது பார்லதான புடிச்சிருக்கும்" என்று நீங்கள் சொல்லச் சொல்ல மூன்று முறை அழித்து வரைந்தோம். கட்டக்கோரைப் பாசியின் நிறமும் உங்கள் வாயால் கேட்ட பிறகுதான் சரியாக வந்தது. துணியின் நடுவில், விரல்களில் துணி சுற்றிய ஒரு கை இருக்கிறதே, அது யாருடைய கை என்று நீங்கள் பார்த்ததும் சொல்லிவிட்டீர்கள். எங்களுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வேண்டாம்.

பாய் கொடுத்த வீட்டுக்கும், படகுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டைக் கொடுத்த அண்ணன்களுக்கும் நன்றி. முதல் வாரமே மழையில் துணி நனைந்தபோது வலைக்கொட்டகையைக் காலிசெய்து கொடுத்தீர்களே, அதை மறக்கமாட்டோம்.

ஓர் அய்யாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் இளமையில் பவளக்கல் தோண்டப் போனவர். சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் அந்தக் கல் போன காலம் அது. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதற்கு முன்பே அவர் அந்த வேலையை விட்டுவிட்டார். நாங்கள் பவளத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த இடத்தில் நெடுநேரம் நின்றார். "அப்ப எங்களுக்கு அது கல்லு தம்பி. உசுருன்னு யாரு சொன்னா?" என்றார். பிறகு விரலை வைத்துக் காட்டி, "நான் தோண்டுன எடம் இது. இங்க எதையும் போடாத" என்றார். அந்த இடத்தை வெள்ளையாகவே விட்டிருக்கிறோம். பார்க்க வந்தவர்களில் பலர், இது இன்னும் முடியவில்லையா என்று கேட்டார்கள். அய்யாவே பக்கத்தில் நின்று அவர்களுக்குப் பதில் சொன்னார். எல்லாரும் பார்க்கிற துணியில் தன் கை செய்ததையும் வைக்கச் சொல்ல எவ்வளவு மனம் வேண்டும்! அய்யா, உங்களுக்கு எங்கள் வணக்கம்.

தண்ணீருக்குள் போய்விட்ட பூவரசன்பட்டித் தீவையும் விட்டுவிடாதே என்றவர் ஒரு பாட்டி. அதைப் புள்ளிக்கோட்டில் வைத்திருக்கிறோம்.

பள்ளிப் பிள்ளைகளே, நீங்கள் வரைந்த ஆவுளியா என்னும் கடற்பசுக்கள் எல்லாம் சிரிக்கின்றன. ஒன்றைக்கூட மாற்றவில்லை.

துணி உங்கள் ஊரிலேயே இருக்கட்டும். வேப்பிலை வைத்துச் சுருட்டிக் கொடுத்திருக்கிறோம், மழைக்கு முன்னால் ஒருமுறை வெயில் காட்டுங்கள். வடக்கு ஓரத்தில் இரண்டு முழம் வெற்றாகக் கிடக்கிறது. அது பாக் விரிகுடாப் பக்கம். அங்கே தொழிலுக்குப் போகும் அண்ணன்கள் உட்கார்ந்து சொன்னால்தான் அதை வரைய முடியும். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் வருகிறோம்.

அன்புடன்,
துணி வரைந்த ஐந்து பேர்