சீம்பால் கேட்ட நண்பனுக்கு

நெல்லிக்குப்பம் பக்கம்,
தை 28.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. வீட்டில் ஒரு வாரம் வாந்தியும் பேதியுமாகப் போயிற்று. முதலில் பேத்தி, அப்புறம் கொட்டகையில் எட்டு நாள் கன்று, கடைசியில் என் மனைவி. நான் மட்டும் தப்பித்தேன். ஆக, நீ கேட்ட கேள்விக்குப் பதில் எழுத, மாட்டு டாக்டரான என்னைவிடப் பொருத்தமான ஆள் இப்போது இந்த ஜில்லாவிலேயே இல்லை.

நாய்க்குட்டி செத்த மூன்றாம் நாள் உன் பேரனுக்கு வயிற்றாலே போனதால், குட்டியிடமிருந்துதான் ஒட்டிக்கொண்டது என்று வீடே முடிவு கட்டிவிட்டது போலிருக்கிறது. அப்படி இல்லை. தங்கச்சியிடம் முதலில் இதைச் சொல். குட்டிக்கு வந்தது பார்வோ என்ற வைரஸ் நோய். முதல் நாள் சாப்பாட்டைத் தொடவில்லை, மறுநாள் வாந்தி, பிறகு ரத்தமாகப் போனது, வீடு முழுக்க ஒரு நாற்றம் என்று எழுதியிருக்கிறாயே, அந்த நாற்றத்தை ஒரு தடவை முகர்ந்தவனுக்கு வேறு சந்தேகமே வராது. நாய்களின் பார்வோ மனிதருக்கு வராது. மனிதருக்கும் பார்வோ உண்டு என்று செல்போனில் படித்தேன் என்கிறாய். அது பெயரளவில் பங்காளி. பி19 என்று வேறு ஒன்று. குழந்தைகளுக்குக் கன்னம் சிவந்து தடிப்பு வரும், பெரும்பாலும் அவ்வளவுதான்.

நாம் பள்ளிக்கூடத்தில் இருந்த காலத்தில், 1978 வாக்கில்தான் நாய்களுக்கு இந்த நோய் வந்தது. அதற்கு முன்னால் கிடையாது. பூனைகளைக் கொன்றுகொண்டிருந்த ஒரு வைரஸின் கிளை கொஞ்சம் உருமாறி நாய்க்குத் தாவியது. ரெண்டே வருஷத்தில் உலகம் பூராவும் போய்விட்டது. 'ஊசி எல்லாம் போட்டாச்சு சார்' என்று குட்டியை விற்றவர் சொன்னாரே, ஒரு ஊசி போட்டிருக்கலாம். ஒன்று போதாது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும் வரை, அது ஊசி மருந்தையும் சேர்த்து அடித்துவிடும். அது எந்த வாரம் தீரும் என்று வெளியிலிருந்து தெரியாது. அதனால்தான் ஆறு எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம் வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள்.

அப்படியானால் பேரனுக்கு எங்கிருந்து வந்தது? அவன் போகிற மழலையர் பள்ளியிலிருந்து என்றுதான் நினைக்கிறேன். இந்த மார்கழி, தை பனிக்காலம், குழந்தைகளுக்குப் பேதி உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கு உகந்த பருவம். கூடவே நோரோ, அடினோ, ஆஸ்ட்ரோ என்று கூட்டாளிகள். நோயுள்ள குழந்தையின் ஒரு கிராம் மலத்தில் ஆயிரம் கோடி ரோட்டா வைரஸ் இருக்கலாம். அடுத்த குழந்தையைப் படுக்கப்போட நூறுகூட வேண்டாம். பிறகு ஒரு பொம்மை போதாதா? எங்கள் வீட்டில் மனைவி வரை போனதைப் பார்த்தால் எனக்கு நோரோ மேல்தான் சந்தேகம். அது 1968-இல் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து நார்வாக் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தையே படுக்கவைத்து, அந்த ஊர் பெயரையே வாங்கிக்கொண்டது. வயசு வித்தியாசம் பார்க்காது. கொரோனா காலத்துச் சானிட்டைசர் பாட்டிலை நம்பாதே, அதற்கு நோரோ சரியாகப் படியாது. சோப்பும் தண்ணீரும்தான்.

இனி எங்கள் வீட்டுக் கதை. பேத்திக்குப் பதினாலு மாசம். ராத்திரி இரண்டு மணிக்கு வாந்தி, விடியும்போது காய்ச்சல், காலையில் தண்ணீர் தண்ணீராகப் போக ஆரம்பித்துவிட்டது. பக்கத்து வீட்டு அம்மா வந்து 'பல் முளைக்குது' என்றார். எதிர் வீட்டில் 'தொக்கம் இருக்கும், எடுத்துட்டு வாங்க' என்றார்கள். என் அக்கா போனிலேயே 'பசும்பால் கொடுத்தீங்களா?' என்று மருமகளை விசாரித்தாள். மருமகள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் குற்றவாளிக் கூண்டில் எப்போதும் தாய்தான் ஏறுகிறாள்.

மூன்றாம் நாள் கன்றுக்கும் கழிச்சல். மஞ்சளாக, வாலெல்லாம் அப்பிக்கொண்டு. உடனே தெருவே 'மாட்டுக்கிட்டேருந்து குழந்தைக்கு, குழந்தைக்கிட்டேருந்து மாட்டுக்கு' என்று பேச ஆரம்பித்துவிட்டது. நான் கொட்டகையில் உட்கார்ந்து கன்றின் கழுத்துத் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டேன். கூடாரம் மாதிரி நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிய பிறகுதான் படிந்தது. கண் உள்ளே போய், கண்ணுக்கும் இமைக்கும் நடுவே இடைவெளி தெரிந்தது. கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்ப் பேத்தியின் வயிற்றுத் தோலையும் அதேபோல் கிள்ளினேன். சட்டென்று படிந்தது. மனசு நிம்மதியாயிற்று. மருமகள் முறைத்தாள்: "மாமா, அது கன்னுக்குட்டி இல்ல."

ஆனால் சோதனை ஒன்றேதான். குழந்தை டாக்டரும் இதைத்தான் செய்வார். உள்ளே நடப்பதும் ஒன்றேதான். சிறுகுடல் சுவரில் விரல் விரலாக உறிஞ்சிகள் இருக்கின்றன. நீரையும் சத்தையும் இழுப்பது அந்த விரல்களின் நுனியில் இருக்கிற செல்கள். ரோட்டா அந்த நுனிகளைத்தான் தின்கிறது. இழுக்க ஆள் இல்லாமல் தண்ணீர் அப்படியே வெளியே போகிறது. ஆனால் விரலின் அடியில் புதுச் செல்கள் பிறந்துகொண்டே இருப்பதால் ஒரு வாரத்துக்குள் நுனி திரும்ப வளர்ந்துவிடும். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், இது கரும்பு வெட்டு. கட்டை மண்ணில் இருக்கிறது, மறுதாம்பு வந்துவிடும். பார்வோ அப்படி இல்லை, கட்டையையே தோண்டி எடுத்துவிடுகிறது. அடியில் பெருகுகிற செல்களைத்தான் அது தேடிப் பிடிக்கும். எலும்பு மஜ்ஜைக்கும் போய் வெள்ளணுக்களைக் குறைத்துவிடும். உன் குட்டி நாலே நாளில் போனதற்கு அதுதான் காரணம்.

மாட்டிடமிருந்து குழந்தைக்குத் தாவுமா என்றால், சாதாரணமாக இல்லை. ரெண்டும் ரோட்டாவாக இருந்தாலும் மாட்டினுடையது மாட்டுக்கு, மனுஷனுடையது மனுஷனுக்கு. எங்கள் வீட்டில் எது யாருக்கு வந்தது என்று சோதிக்கவும் இல்லை. சோதித்திருந்தாலும் வைத்தியம் மாறியிருக்காது. ஆனால் எப்போதாவது இரண்டு வகையும் ஒரே குடலில் சந்தித்துவிட்டால் கொண்டான் கொடுத்தான் உறவு வைத்துக்கொள்ளும். இந்த வைரஸின் மரபுப்பொருள் ஒரே சரமாக இல்லாமல் பதினோரு துண்டுகளாக இருப்பதால் துண்டுகளை மாற்றிக்கொள்வது சுலபம்.

இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் வருகிறது. 1980-களின் நடுவில் டெல்லி எய்ம்ஸில் சில பச்சைக் குழந்தைகளின் மலத்தில் ரோட்டா இருந்தும் பேதியே இல்லை. டாக்டர் எம்.கே. பான் குழுவினர் அதைப் பிடித்து ஆராய்ந்தார்கள். பதினொன்றில் பத்துத் துண்டு மனித வைரஸ், ஒன்று மாட்டினுடையது! அந்த 116ஈ என்ற வைரஸிலிருந்துதான் நம் நாட்டின் ரோட்டாவேக் சொட்டு மருந்து வந்தது. டெல்லி, புனே, நம் வேலூர் மூன்று இடத்திலும் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 2016-இல் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. தமிழ்நாட்டுக்கு அடுத்த வருஷம் வந்தது. இன்னொரு சொட்டு மருந்தான ரோட்டாசில், மாட்டு வைரஸையே அடித்தளமாக வைத்துச் செய்தது. எப்படிப் பார்த்தாலும் மாடு இருக்கிறது. ஆறாவது, பத்தாவது, பதினாலாவது வாரத்தில் பேத்தி வாயில் நர்ஸம்மா சொட்டு விட்டபோது நான் பக்கத்தில் நின்று, 'இதுவும் சீம்பால் மாதிரிதான், மாடு தருகிற காவல்' என்றேன். அவருக்குப் புரியவில்லை. சொட்டு போட்டும் ஏன் வந்தது என்று நீ கேட்பாய். அது ரோட்டாவுக்கு மட்டும்தான், அதிலும் கடுமையான பேதியைச் சுமார் பாதியாகக் குறைக்கும். நோரோவிடம் அதன் பருப்பு வேகாது.

எங்கள் தரப்புப் பெருமையையும் சொல்லிவிடுகிறேன். குழந்தைகளின் குடலில் ரோட்டாவை ரூத் பிஷப் மெல்போர்னில் கண்டது 1973-இல். ஆனால் கன்றுக் கழிச்சலில் அதே மாதிரி வைரஸை அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் மீபஸ் என்ற மாட்டு டாக்டர் 1969-லேயே பார்த்துவிட்டார். மாட்டாஸ்பத்திரிக்காரன் என்று ஹாஸ்டலில் கேலி செய்தீர்களே!

சரி, வைத்தியம். மகன் பேத்தியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் ஒரு கிளினிக்குக்கு ஓடினான். ஒரு ஊசி, ஒரு ஆன்டிபயாடிக் சிரப், பேதியை நிறுத்த ஒரு மருந்து. ஓ.ஆர்.எஸ். என்கிற உப்புச் சர்க்கரைக் கரைசல் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மருந்துக் கடையில் இவனாகக் கேட்டதற்கு ஆரஞ்சு வாசனையோடு ஒரு ஜூஸ் டப்பாவைக் கொடுத்திருக்கிறார்கள். பெயரில் மட்டும்தான் ஓ.ஆர்.எஸ்., உள்ளே சர்க்கரைத் தண்ணீர். அந்த மாதிரிப் பானங்களில் அந்தப் பெயரையே போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்ட பிறகும் பழைய சரக்கு ஓடுகிறது. சர்க்கரை அதிகமானால் அதுவே குடலுக்குள் தண்ணீரை இழுத்து பேதியைக் கூட்டும்.

நான் போய் ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பவுடர் பொட்டலம் வாங்கிவந்தேன். அதற்குள் இன்னொரு வம்பு. மருமகள் பாதிப் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கலக்கிவிட்டாள். அது உப்புக் கரிக்கும், ஆபத்தும்கூட. முழுப் பொட்டலம், ஒரு லிட்டர், அவ்வளவுதான். லிட்டர் பாட்டிலை எடுத்துக் கழுத்து வரை நிரப்பி அவள் கையாலேயே கலக்கச் செய்தேன். பிறகு ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு மறுபடி ஸ்பூன். உப்பும் குளுக்கோஸும் சரியான அளவில் சேர்ந்தால்தான் ஒன்றையொன்று கைப்பிடித்துக் குடல் சுவருக்குள் போகும், பின்னாலேயே தண்ணீரும் போகும். நுனி கருகின குடலில்கூட அந்த வழி முழுசாக அடைபடாது. 1971-இல் வங்காள அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, சலைன் பாட்டில் தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மஹலானபிஸ் இதைத்தான் டிரம்மில் கலக்கி ஜனங்களிடம் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது சாவு மூன்று சொச்சத்துக்கு இறங்கியது. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம், கஞ்சியும் கொடுக்கலாம் என்றேன். ஜிங்க் மாத்திரை தினம் 20 மில்லிகிராம், பதினாலு நாள். அந்த சிரப்பை நானே கொட்டிவிட்டேன் என்று நினைக்காதே. மகனை வேறு குழந்தை டாக்டரிடம் அனுப்பினேன், அவர்தான் நிறுத்தச் சொன்னார். ரத்தம் போனாலோ, மூத்திரமே போகாவிட்டாலோ, துவண்டு விழுந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான் என்றும் சொன்னார். உன் பேரனுக்கும் இதே கணக்குதான்.

கன்றுக்கும் அதே உப்புத் தண்ணீர்தான், லிட்டர் கணக்கில். பால் குடிக்க விட்டேன். ஐந்தாம் நாள் எழுந்து என் லுங்கியைச் சப்ப ஆரம்பித்தது.

அந்த முதல் கிளினிக் டாக்டரை நான் ரொம்பத் திட்டிவிட்டேன் என்று தோன்றலாம். நானும் யோக்கியன் இல்லையடா. முப்பது வருஷம் கழிச்சல் கண்ட கன்றுக்கெல்லாம் ஊசி போட்டேன். வைரஸ் கழிச்சலுக்கு அது வெறும் தண்ணீர் என்று தெரிந்துதான் போட்டேன். வெறும் உப்புத் தண்ணீர் கலக்கிக் கொடுக்கச் சொன்னால், 'இதுக்கா அஞ்சு மைல் கூட்டிட்டு வந்தோம்?' என்று முகம் சுளிப்பார்கள். ஊசியைப் பார்த்தால்தான் தெளிவார்கள். வீட்டுக்குப் போய் உப்புத் தண்ணீர் கொடுத்தார்களா என்று நான் கேட்டதே இல்லை. எத்தனை கன்று போயிருக்குமோ. பேத்தி மடியில் ஸ்பூனைத் தட்டிவிட்டுக்கொண்டு அழுதபோது அதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

உன் கடிதத்தில் ஒரு வரியைத் தாண்டிப் போய்விட்டாய். தான் கொடுத்த கிரீம் பிஸ்கட்டால்தான் குட்டி செத்தது என்று பேரன் சொல்கிறான் என்றாயே. அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல். பிஸ்கட் இல்லை, ஒரு வைரஸ்; அவன் அந்தப் பிஸ்கட்டைக் கொடுப்பதற்கு நாலைந்து நாள் முன்னாலேயே அது குட்டியின் வயிற்றில் இருந்திருக்கும். நீ சொன்னால் நம்பாவிட்டால் எனக்குப் போன் போட்டுக் கொடு, மாட்டு டாக்டர் தாத்தா சொல்கிறேன். அடுத்த குட்டிக்கு அவசரப்பட வேண்டாம். அந்த வைரஸ் மண்ணில் மாசக்கணக்கில் கிடக்கும். தரையை பிளீச்சிங் கரைசலால் கழுவு. வெறும் பினாயிலுக்கு அது மசியாது. ஊசி எல்லாம் முடிந்த குட்டியாக வாங்கு, குரும்பாபேட்டை கால்நடைக் கல்லூரியில் காட்டிவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோ.

கடைசி வரியில் 'மாடு ஈன்றதாமே, சீம்பால் எங்கே?' என்று கேட்டிருக்கிறாய். நாற்பது வருஷமாக இதே கேள்வி. இந்தத் தடவை உனக்கு ஒரு சொட்டும் இல்லாமல் போனதற்குக் காரணம் என் மகன். ராத்திரி ஈன்றதும், நஞ்சுக்கொடி விழுந்தால்தான் கன்றை விடலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு விடியும் வரை கன்றைக் கட்டிப்போட்டுவிட்டான். நான் அன்று ஊரில் இல்லை. பிறந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் வயிறு நிறையக் குடித்திருந்தால் இவ்வளவு கஷ்டம் பட்டிருக்காது. ஒரு நாள் தாண்டினால் அந்த எதிர்ப்புச் சக்தியை ரத்தத்துக்குள் விடுகிற கதவு மூடிவிடும். தாமதமாகக் கறந்ததையும் கன்றுக்கே புட்டியில் கொடுத்தேன்.

சிவப்புப் பசு பங்குனியில் ஈனும். இந்தத் தடவை நானே பக்கத்தில் இருப்பேன். கன்று குடித்து மிச்சம் இருந்தால் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் முத்தியால்பேட்டை வந்துவிடுகிறேன். தங்கச்சியை வெல்லம் வாங்கி வைக்கச் சொல்.

உன்,
மாட்டாஸ்பத்திரி