அரசு உயர்நிலைப் பள்ளி மாலைப் படிப்பகம்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

நம் ஊர் உயர்நிலைப் பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு சரிந்துவிட்டது என்ற பேச்சு, தேர்வு முடிவு வெளியானதும் ஒரு வாரம் ஊரெங்கும் கேட்கும்; பிறகு அடங்கிவிடும். அது அடங்கிய பின் என்ன செய்வது என்று கூடிப் பேசியதன் விளைவே இந்த வேண்டுகோள்.

முதலில் அந்த விழுக்காட்டைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 200 பேர் தேர்வு எழுதும் பள்ளியில் ஒருவர் தவறினால் தேர்ச்சி அரை விழுக்காடுதான் குறையும். 20 பேர் மட்டுமே எழுதும் பள்ளியில் அதே ஒருவரால் 5 விழுக்காடு குறைந்துவிடும். எனவே சிறிய பள்ளியொன்று ஓராண்டு பட்டியலின் தலையிலும் மறு ஆண்டு அதன் காலடியிலும் நிற்பதற்குக் கற்பித்தல் மாறியிருக்க வேண்டும் என்பதில்லை. குறையை மறைக்க இதைச் சொல்லவில்லை. ஒரே ஆண்டின் முடிவைக் கொண்டு ஆசிரியர்களைத் தூற்றுவதும் தகாது, மாலையிடுவதும் தகாது என்பதே எங்கள் கருத்து. பல ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்கையில், எந்தப் பாடத்தில் பிள்ளைகள் மீண்டும் மீண்டும் தடுக்கி விழுகிறார்கள் என்பதுதான் கவலைக்குரியது.

சிறிய பள்ளியில் ஓர் ஆசிரியர் மாறுதலாகிப் போனால், அடுத்தவர் வரும்வரை அவருடைய பாடத்தை வேறொருவர் தம் பாடத்தோடு சேர்த்துச் சுமக்கிறார். பணியிடத்தை நிரப்புவது அரசின் கடமை. அதை மனு எழுதித்தான் கேட்க முடியும். பள்ளி விட்ட பின் வரும் இரண்டு மணி நேரம் நம் கையில் இருக்கிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தனிப்பயிற்சிக்குச் செல்லும் அந்நேரத்தில், மற்றவர்கள் வீட்டு வேலையிலோ வயல் வேலையிலோ இருக்கிறார்கள்.

ஆகவே ஐந்து மாணவர்களுக்கு ஒரு பயிற்றுநர் என்ற அளவில் மாலைப் படிப்பகம் ஒன்றைத் தொடங்க எண்ணியுள்ளோம். ஒரு பயிற்றுநரிடம் தனியே பயிற்சி பெற்ற சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் பயின்றவர்களில் 98 விழுக்காட்டினரை விஞ்சியதாக 1984இல் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் எழுதினார். பிந்தைய ஆய்வுகளில் அத்தனை பெரிய பலன் பொதுவாகத் தெரியவில்லை. ஆயினும் பலன் உண்டு என்பதில் அவை பெரிதும் ஒத்துப்போகின்றன. பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது ஒரு வாரம் கழித்தும் கூடுதலாக நினைவில் நிற்கிறது என்பதை ரோடிகர், கார்ப்பிக் ஆகிய உளவியலாளர்கள் 2006இல் காட்டினர். அதனால் படிப்பகத்தில் சிறு சிறு எழுத்துத் தேர்வுகளே முதன்மை பெறும்.

நன்கொடையில் பெரும்பகுதி பயிற்றுநர் ஊதியத்துக்குச் செல்லும் என்று நீங்கள் நினைக்கலாம். உண்மையில் பிள்ளைகளை இரவில் வீடு சேர்க்கும் வாகனமே பெருஞ்செலவு. அது இல்லையென்றால் தொலைவிலிருந்து வரும் மாணவியரைப் பெற்றோர் அனுப்ப மாட்டார்கள். அவர்கள் வராத படிப்பகம் பாதிப் படிப்பகமே. புதிய நுழைவாயில் கட்டலாம், பரிசுக் கோப்பைகள் வாங்கலாம் என்ற யோசனைகளும் வந்தன, அவற்றை ஏற்கவில்லை.

தொகை சிறிதாயினும் பற்றுச்சீட்டு தரப்படும். மாத வரவுசெலவு பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். குழு உறுப்பினர் எவருக்கும் ஊதியம் இல்லை. பணம் தர இயலாதவர்கள், கணக்கோ அறிவியலோ சொல்லித்தர வாரம் ஒரு மாலை தந்தாலும் நன்றியோடு ஏற்போம். ஓராண்டுக்கான வாகனச் செலவு கையிருப்பில் சேர்ந்த பின்பே படிப்பகத்தைத் திறப்பதென்றும், அதுவரை நன்கொடையிலிருந்து எதையும் செலவிடுவதில்லையென்றும் முடிவு செய்துள்ளோம். பள்ளி வேலை நேரத்தில் அலுவலகத்தில் எங்கள் பொருளாளரிடம் நன்கொடையைச் செலுத்தலாம்.

இங்ஙனம்,
பள்ளி வளர்ச்சிக் குழுவினர்