மூட்டு வேறு, முட்டு வேறு

மலைப்பகுதி குடும்ப ஆரோக்கிய மையங்களின் மருத்துவர்களுக்கும், அவற்றுக்குப் பொறுப்பான சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம். கேரளத்தில் பீர்மேடு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து, எழுதுகிறேன். எங்கள் வேலையும் வலியும் நீங்கள் தினம் பார்ப்பவை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

என் அம்மா முப்பது வருடமாகக் கொழுந்து எடுக்கிறவர். இரண்டு வருடமாக உங்கள் மையம் ஒன்றுக்குப் போய், "டாக்டர், மூட்டெல்லாம் வலிக்குது" என்று சொல்லி வந்தார். மலையாளத்தில் முட்டு என்றால் முழங்கால். சீட்டிலும் முழங்கால் என்றே ஏறியது. எக்ஸ்ரே எடுத்தார்கள். மேடும் சரிவுமாக நடந்த 54 வயதுக் காலில் தேய்மானம் தெரியாமல் இருக்குமா? பதினொரு சீட்டிலும் அதே தேய்மானம், அதே வலி மாத்திரை. கடைசியில் வயிறும் புண்ணானது.

அம்மா சொன்னது விரல் மூட்டுகளை. விடியற்காலையில் அவருக்கு விரல் மடங்காது. வெந்நீர்ச் சட்டியில் இரண்டு கையையும் முக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். அப்புறம்தான் கொழுந்து வெட்டும் கத்தரியைப் பிடிக்க முடியும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓட முடியும். ஆஸ்பத்திரியில் அந்தக் கைகள் முந்தானைக்குள் இருந்தன. காட்டச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.

போன மாதம் வெளியூரில் ஒரு மருத்துவர் விரல் கணுக்களை அழுத்திப் பார்த்தார். காலையில் விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கும் என்று கேட்டார். அரை மணிக்குள் விட்டுப்போனால் பெரும்பாலும் தேய்மானம். ஒரு மணி நேரம் நீடித்து, இரு கையிலும் சின்ன மூட்டுகள் வீங்கினால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்தைச் சந்தேகிக்க வேண்டும். இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரத்தப் பரிசோதனையும் முடக்குவாதம் என்றே சொன்னது. முதல் சில மாதங்களிலேயே மருந்து தொடங்கினால் விரல்களைப் பெரும்பாலும் கோணாமல் காப்பாற்றலாமாம். அம்மாவுக்கு வலது கையில் இரண்டு விரல் கோணிவிட்டன. இனி அவை நிமிராது.

நான் கேட்பது இதுதான். மூட்டு வலி என்று வருகிறவரின் கையையும் தொட்டுப் பாருங்கள். காலை விறைப்பைப் பற்றித் தமிழில் கேளுங்கள்.

1956-ல் கேரளம் உருவானபோதே இந்த மலையில் தமிழ் பேசும் தொழிலாளர்கள் இருந்தார்கள். இத்தனை வருடம் கழித்தும் ஓ.பி.யில் எங்கள் பேச்சு புரிந்த ஒருவர் இருப்பது அன்றைய அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததா? ஓட்டுக் கேட்க வருகிறவர்கள் எல்லோருக்கும் தமிழ் நன்றாக வருகிறதே!

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். இன்னொன்றும் உண்டு. அம்மாவின் புது மாத்திரை மெத்தோட்ரெக்சேட். வாரம் ஒரு நாள்தான் போட வேண்டும். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. உறையில் அது மலையாளத்தில் இருந்தது. அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். இரண்டாம் நாளும் வாயருகே கொண்டுபோனவரின் கையைப் பிடித்துத் தடுத்தேன். இப்போது காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.

தயவுசெய்து கையைத் தொட்டுப் பாருங்கள், தமிழில் கேளுங்கள், மாத்திரை உறையில் தமிழிலும் எழுதித் தர ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகள்